செல்டன் காப்புரிமை வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1903 முதல் 1911 வரை அமெரிக்காவில் நடந்த வழக்கு இது. ஹென்றி ஃபோர்டின் பெயர் இதில் வருவதால் பலர் காதில் விழுந்திருக்கும். ஆனால் பெரும்பாலும் பாதிக் கதைதான் விழுந்திருக்கும்: "காரே செய்யாத ஒரு வக்கீல் எல்லாக் கார்களுக்கும் கப்பம் கேட்டார், ஃபோர்டு எதிர்த்து நின்று ஜெயித்தார்." தப்பில்லை, ஆனால் சுவையான பாதி அதில் விட்டுப்போகிறது. அந்த வக்கீலின் காப்புரிமை (பேட்டன்ட்) செல்லும் என்றுதான் கடைசி வரை நீதிமன்றம் சொன்னது. செல்லுகிற காப்புரிமையை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படித் தோற்றார் என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

ஜார்ஜ் செல்டன் யார்?

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய காப்புரிமை வழக்கறிஞர். பிறந்தது 1846. அப்பா ஹென்றி செல்டனும் பெயர்பெற்ற வழக்கறிஞர். பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலத்தில் வாக்களித்ததற்காக 1873-ல் விசாரிக்கப்பட்ட சூசன் பி. ஆண்டனிக்காக வாதாடியவர் அவர்தான். மகனுக்கு மனசெல்லாம் இயந்திரத்தில். அப்பாவுக்காகச் சட்டம் படித்து, பட்டறை ஆசையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவருடைய கட்சிக்காரர்களில் ஒருவர் புகைப்படத் தகடுகள் செய்துகொண்டிருந்த இளைஞர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். ஆமாம், பிற்காலக் கோடாக் ஈஸ்ட்மன்தான். 1879-ல் செல்டன் தன் கார் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபோது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஈஸ்ட்மனும் ஒருவர்.

செல்டனின் தொழில் முக்கியம், மறந்துவிடாதீர்கள். காப்புரிமை அலுவலகத்தின் உள்ளும் புறமும் தெரிந்த ஆள் அவர். கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

அவர் என்னதான் கண்டுபிடித்தார்?

1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. அங்கே ஜார்ஜ் பிரேட்டன் என்பவரின் இன்ஜினைச் செல்டன் பார்த்தார். திரவ எரிபொருளில் ஓடும் இன்ஜின், ஆனால் இருந்த இடத்தில் நின்று ஓடும் கனமான உருப்படி. இதை இளைக்க வைத்தால் வண்டியில் ஏற்றலாமே என்று அவருக்குத் தோன்றியது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு இருக்கும் கிராங்க் அறையை மூடிய அமைப்பாக்கி, வேகத்தைக் கூட்டி, எடையைக் குறைத்து ஒரு வடிவமைப்பு போட்டார். மூன்று சிலிண்டர் இன்ஜின். 1878-ல் ராச்செஸ்டரில் அதைச் செய்யவும் செய்து, ஒரே ஒரு சிலிண்டரை மட்டும் ஓட்டிப் பார்த்தார்.

அவ்வளவுதான். வண்டி செய்யவில்லை. பணம் போட ஆள் தேடினார், கிடைக்கவில்லை. 1879 மே 8-ல் விண்ணப்பத்தை மட்டும் அனுப்பினார்.

அவரை மோசடிக்காரர் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886-ல்தான். அதற்கு ஏழு வருடம் முன்பே, இலேசான பெட்ரோலிய இன்ஜின், கிளட்ச், சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும் தண்டு என்று ஒரு காரின் எலும்புக்கூட்டைக் காகிதத்தில் போட்டவர் சாதாரண ஆள் இல்லை.

1879-ல் விண்ணப்பித்தவருக்கு 1895-ல்தான் காப்புரிமை கிடைத்ததா? ஏன் பதினாறு வருடம்?

அலுவலகம் தாமதிக்கவில்லை. தாமதித்தவர் செல்டன்.

அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, அலுவலகம் ஒரு ஆட்சேபம் எழுப்பினால் பதில் சொல்ல விண்ணப்பதாரருக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு. செல்டன் ஒவ்வொரு தடவையும் அந்த அவகாசத்தைக் கிட்டத்தட்ட கடைசி நாள் வரை அனுபவித்தார். பிறகு ஒரு திருத்தம், அலுவலகத்தின் பதில், மறுபடி இரண்டு வருடம். இப்படியே விண்ணப்பத்தில் சுமார் நூறு திருத்தங்கள் செய்யப்பட்டதாகக் கணக்கு.

இதில் அவருக்கு என்ன லாபம் என்றால், அப்போது காப்புரிமையின் ஆயுள் 17 வருடம், அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல, வழங்கிய நாளிலிருந்து. 1881 வாக்கில் வாங்கியிருந்தால் 1898-ல் காலாவதியாகியிருக்கும். அப்போது அமெரிக்காவில் வசூலிக்கும் அளவுக்குக் கார்களே இல்லை. 1895 நவம்பர் 5-ல் வாங்கியதால் அது 1912 நவம்பர் 5 வரை செல்லும். கார்த் தொழில் கொழுத்த வருடங்கள் அப்படியே உள்ளே வந்துவிடுகின்றன. கூடவே, நிலுவையில் இருக்கும் விண்ணப்பம் அப்போது ரகசியம். இப்படி ஒன்று காத்திருக்கிறது என்று கார் செய்ய இறங்கியவர்களுக்குத் தெரிய வழியே கிடையாது.

இது சட்ட விரோதம் இல்லையா?

இல்லை. விதி கொடுத்த அவகாசத்தைத்தான் எடுத்துக்கொண்டார். வழக்கில் ஃபோர்டு தரப்பு இதைப் பெரிய குற்றமாகக் காட்டப் பார்த்தது. தாமதித்தார் என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அதற்காகக் காப்புரிமையைத் தூக்கி எறியவில்லை.

காப்புரிமையில் என்ன எழுதியிருந்தது?

எண் 549160. ஒவ்வொரு காப்புரிமையின் கடைசியிலும் "இதெல்லாம் எனக்குரியது" என்று எல்லை போடும் பகுதி இருக்கும். உரிமைக் கோரல் என்பார்கள். நீதிமன்றம் அளப்பது அந்த வேலியைத்தான். செல்டனின் முதல் உரிமைக் கோரல் சாராம்சத்தில் இப்படி: ஓட்டும் சக்கரமும் திருப்பும் அமைப்பும் கொண்ட சாலை வண்டி, அதில் அமுக்க வகையைச் சேர்ந்த, திரவ ஹைட்ரோகார்பன் இன்ஜின், எரிபொருள் தொட்டி, சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும் தண்டு, இடையில் கிளட்ச், ஆட்களையோ சரக்கையோ ஏற்ற ஒரு உடல்.

படித்தால் 1905-ல் தெருவில் போகும் எந்தக் காரையும் சொல்வது மாதிரியே இருக்கும். இதில் எந்தப் பாகமும் தனியாகப் புதிதல்ல. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் அவருடைய உரிமை. "அமுக்க வகை" என்ற சொல்லை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

தனி ஆள் ஒருவர் மொத்தத் தொழிலிடமும் எப்படி வசூலித்தார்?

அவரால் முடிந்திருக்காது. 1899-ல் வில்லியம் விட்னி என்ற பெரும் பணக்காரரின் வட்டம் மின்சார டாக்ஸிகள் விட எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி என்ற நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தது. அவர்கள் செல்டனுக்கு ரொக்கமும் வசூலில் பங்கும் தருவதாகச் சொல்லி, காப்புரிமையின் உரிமத்தை வாங்கினார்கள். மின்சார வண்டிக்காரர்களுக்குப் பெட்ரோல் கார்க் காப்புரிமை எதற்கு என்று கேட்கத் தோன்றும். முதலில் அது ஒரு காப்பீடு மாதிரி. மின்சார டாக்ஸி எதிர்பார்த்தபடி ஓடாமல் போனதும், அந்தக் காகிதம்தான் நிறுவனத்தின் மதிப்புள்ள சொத்தாக மிஞ்சியது.

1900-ல் அப்போதைய பெரிய உற்பத்தியாளரான வின்டன் மீது வழக்குப் போட்டார்கள். அவர் 1903-ல் சமரசத்துக்கு வந்தார். அதே வருடம் முன்னணிக் கார்க் கம்பெனிகள் ஒரு யோசனை செய்தன: எதிர்த்து மல்லுக்கட்டுவதைவிட உள்ளே போய், யார் உரிமம் பெறலாம் என்று நாமே தீர்மானித்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் உரிமம் பெற்ற கார் உற்பத்தியாளர் சங்கம். கட்டணம் காரின் விலையில் ஒன்றேகால் சதவீதம். அதை ஐந்து பங்காக்கி, இரண்டு காப்புரிமையை வைத்திருந்த நிறுவனத்துக்கு, இரண்டு சங்கத்துக்கு, ஒன்று செல்டனுக்கு.

காரின் விலை 850 டாலர் என்றால் கட்டணம் பத்தரை டாலருக்குக் கொஞ்சம் மேல். அமுக்கிக் கொல்லும் தொகை இல்லை. புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தியது கட்டணம் அல்ல, "உனக்கு உரிமம் தர மாட்டோம்" என்று சொல்லும் அதிகாரம்தான்.

சங்கத்தை முழு வில்லனாக்கவும் வேண்டாம். உதிரி பாகங்களின் அளவுகளைத் தரப்படுத்தும் வேலையை ஆரம்பித்தவர்களில் அவர்களும் உண்டு. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்துக் குதிரைத்திறன் சொல்லும் சூத்திரம் பல காலம் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே புழங்கியது.

ஃபோர்டு ஏன் கட்டணம் கட்டவில்லை? கொள்கையா?

பிற்பாடு அப்படித்தான் சொன்னார். ஆனால் 1903-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி தொடங்கிய புதிதில், உரிமம் கிடைக்குமா என்று சங்கத்தின் பொறுப்பாளரும் ஓல்ட்ஸ் கம்பெனிக்காரருமான ஃபிரெட் ஸ்மித்திடம் ஃபோர்டு விசாரித்திருக்கிறார். வெளியிலிருந்து வாங்கிய பாகங்களைப் பூட்டுகிற இடம்தானே உங்களுடையது, அது உற்பத்தி ஆகாது என்ற தொனியில் பதில் வந்தது. அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் ஃபோர்டு பேசாமல் ஒன்றேகால் சதவீதத்தைக் கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம். கதவைச் சாத்தியதால் வந்த வினை இது.

வழக்கு யார் மீது போடப்பட்டது? அறிக்கைகளில் "டூயர்" என்று ஒரு பெயர் இருக்கிறதே?

சி. ஏ. டூயர் அண்டு கம்பெனி என்பது நியூயார்க்கில் ஃபோர்டு கார் விற்ற ஏஜென்ட். 1903 அக்டோபரில் அவர்கள் மீதும் ஃபோர்டு மீதும் வழக்கு போனது. பிரெஞ்சுக் கார்களைக் கொண்டுவந்து விற்றவர்கள் மீதும் தனி வழக்குகள் வந்து, பின்னால் எல்லாம் சேர்த்து விசாரிக்கப்பட்டன. நடுவில் எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி திவாலாகிக் கொலம்பியா மோட்டார் கார் கம்பெனி என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. அதனால்தான் 1909 தீர்ப்பு ஒரு பெயரிலும் 1911 தீர்ப்பு வேறு பெயரிலும் இருக்கின்றன. ஒரே வழக்குதான், குழம்ப வேண்டாம்.

விசாரணை ஆறு வருடம் இழுத்தது ஏன்?

நீதிபதி இல்லாமல் நடந்ததால்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போது இந்த வகை வழக்குகளில் சாட்சியம் நீதிமன்றத்தில் எடுக்கப்படாது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் சாட்சியும் சுருக்கெழுத்தரும் எங்காவது ஒரு அறையில் உட்கார்ந்து கேள்வி-பதில் நடத்துவார்கள். "இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது" என்று தடுக்க அங்கே அதிகாரமுள்ள ஆள் கிடையாது. ஆட்சேபத்தையும் எழுதிக்கொண்டு, கேள்வியையும் எழுதிக்கொண்டு, பதிலையும் எழுதிக்கொண்டு போவார்கள். சாட்சிக்கும் வழக்கறிஞருக்கும் நேரம்தான் பணம். நிறுத்த யாருக்கு அவசரம்?

இப்படிச் சேர்ந்தது 14,000 பக்கங்களுக்கு மேல். ஃபோர்டின் வழக்கறிஞர் ரால்ஸமண்ட் பார்க்கர், எதிர்த்தரப்பில் ஃபிரெடரிக் ஃபிஷ் போன்ற அன்றைய காப்புரிமைப் புலிகள். இன்ஜின் வரலாறு முழுவதையும் அந்தப் பக்கங்களுக்குள் இழுத்து வந்தார்கள். அத்தனையையும் அச்சடித்து மொத்தமாக நீதிபதி மேஜையில் வைத்தால் அவர் என்ன செய்வார் பாவம். நீதிபதி சார்லஸ் ஹஃப் தன் தீர்ப்பிலேயே இந்த முறையைக் கண்டித்து எழுதினார். அதற்குப் பலனும் இருந்தது, கீழே வருகிறது.

செல்டன் கார் உண்மையில் ஓடியதா?

ஃபோர்டு தரப்பின் ஒரு வாதம்: காகிதத்தில் இருக்கும் இந்த வண்டியைச் செய்தால் ஓடவே ஓடாது, ஓடாததற்குக் காப்புரிமை ஏது? அதைப் பொய்யாக்க, விண்ணப்பித்து கால் நூற்றாண்டு கழித்து முதல்முறையாகச் செல்டன் வண்டி செய்யப்பட்டது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றை ராச்செஸ்டரில் செல்டனின் மகன்கள் செய்தார்கள், இன்னொன்று ஹார்ட்ஃபோர்டில் எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனியின் பட்டறையில். ராச்செஸ்டர் வண்டியின் பக்கவாட்டில் "1877" என்று பெரிதாக எழுதி வைத்தார்கள். செய்தது இருபதாம் நூற்றாண்டில், எழுதியது பத்தொன்பதாம் நூற்றாண்டு. துணிச்சல்தான்.

1907-ல் சோதனை ஓட்டம் நடந்தது. ஓடியதா என்றால், ஓடியது. கிளப்பப் பெரும்பாடு, கிளம்பினால் கொஞ்ச தூரம், அப்புறம் நின்றுவிடும். இரு தரப்பும் இதைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டன. ஃபோர்டு தரப்பும் சும்மா இருக்கவில்லை. செல்டனுக்கு முன்பே, 1860-களில் பிரான்சில் லெனுவார் செய்த வகை இன்ஜினை வைத்து ஒரு வண்டி கட்டி ஓட்டிக் காட்டினார்கள்.

1909 தீர்ப்பு என்ன?

செல்டனுக்கு முழு வெற்றி. 1909 செப்டம்பர் 15-ல் நீதிபதி ஹஃப், காப்புரிமை செல்லும், ஃபோர்டு அதை மீறியிருக்கிறார் என்றார். அவர் பார்வையில் செல்டன் ஒரு முன்னோடி. முன்னோடியின் காப்புரிமைக்குச் சட்டம் பெரிய மனதோடு பொருள் கொள்ளும். அவர் சொன்ன பாகத்துக்குப் பதிலாகப் பிறர் அதே வேலையைச் செய்யும் வேறு பாகத்தை வைத்தாலும், சமானமானது என்று அதையும் வேலிக்குள் சேர்த்துவிடும். இன்றைய இன்ஜினும் எரிபொருள் கலவையை அமுக்குகிறது, செல்டன் இன்ஜினும் அமுக்குகிறது, ஆகவே இரண்டும் "அமுக்க வகை".

அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிகள் ஓடோடிச் சங்கத்தில் சேர்ந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் பழைய பாக்கியோடு சேர்ந்துகொண்டது.

ஃபோர்டு கார் வாங்கியவர்கள் பயப்படவில்லையா?

பயமுறுத்தப் பார்த்தார்கள். காப்புரிமையை மீறிய பொருளைச் செய்தவர் மட்டுமல்ல, பயன்படுத்துகிறவரும் பொறுப்பு என்பது சட்டம். காரோடு ஒரு வழக்கையும் சேர்த்து வாங்காதீர்கள் என்ற பொருளில் சங்கம் விளம்பரம் செய்தது. ஃபோர்டு அதற்குப் பதில் விளம்பரம் போட்டார்: கேட்கும் ஒவ்வொருவருக்கும் ஈட்டுறுதிப் பத்திரம் தருகிறோம், வழக்கு வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பின்னால் 1.2 கோடி டாலர் சொத்து நிற்கிறது. பிற்பாடு அவரே சொன்ன கணக்குப்படி அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கியவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். அந்த வருடம் விற்ற கார்களோ 18,000-க்கு மேல். 1908-ல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்துவிட்டிருந்தது. மக்கள் கார் வாங்கும் அவசரத்தில் இருந்தார்கள்.

இதை உயர் நீதிமன்ற வழக்கு என்று சொல்லலாமா?

அமெரிக்காவில் அந்தப் பெயரில் மத்திய நீதிமன்றம் இல்லை. முதல் தீர்ப்பு சர்க்கியூட் நீதிமன்றத்தில் வந்தது. அது விசாரணை நீதிமன்றம். மேல்முறையீட்டைக் கேட்டது இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே என்பதால் நம் ஊர் உயர் நீதிமன்றத்தின் இடத்தில் அதை வைத்துப் பார்த்தால் புரியும். வழக்கு முடிந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில், 1912 ஜனவரி 1 முதல், அந்தப் பழைய சர்க்கியூட் நீதிமன்றங்களையே மூடிவிட்டார்கள்.

1911 தீர்ப்பில் என்ன சொன்னார்கள்?

1911 ஜனவரி 9. நீதிபதிகள் லகோம், வார்ட், நாய்ஸ். மூவருக்காகவும் எழுதியவர் வால்டர் நாய்ஸ். காப்புரிமை செல்லும், ஆனால் ஃபோர்டு அதை மீறவில்லை என்றார்கள்.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு இன்ஜின்களைப் பார்த்தாக வேண்டும்.

ஜெர்மனியின் நிகோலாஸ் ஓட்டோ 1876-ல் கொண்டுவந்தது ஒன்று. காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை ஒரே சிலிண்டர் உள்ளே இழுக்கும். அதே பிஸ்டன் மேலே வந்து அதை நெருக்கும். நெருக்கி முடித்த நொடியில் தீ மூட்டப்படும். கலவை மொத்தமும் சட்டென்று எரியும், அழுத்தம் எகிறும், பிஸ்டனுக்கு ஒரே அடி. பென்ஸ் முதல் ஃபோர்டு வரை எல்லாரும் எடுத்தது இந்த வழியைத்தான்.

பிரேட்டன் இன்ஜின் வேறு ஜாதி. அங்கே நெருக்கும் வேலைக்குத் தனி பம்ப். நெருக்கியதைச் சிலிண்டருக்குள் விட விட, வாசலில் அணையாமல் நிற்கும் சுடர் அதை எரித்துக்கொண்டே இருக்கும். வெடிப்பு கிடையாது. அழுத்தம் ஏறாமல் ஒரே அளவில் நின்று, நீராவி தள்ளுவது மாதிரி பிஸ்டனை நிதானமாகத் தள்ளிக்கொண்டு போகும். அடிப்பதற்கும் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

செல்டன் வரைந்ததும் விவரித்ததும் பிரேட்டனைத் திருத்திய இன்ஜினை. சரி, உரிமைக் கோரலில் "அமுக்க வகை" என்று பொதுவாகத்தானே எழுதியிருக்கிறார் என்றால், நாய்ஸின் பதில் இது: செல்டன் சேர்த்த பாகங்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தவை. இன்ஜினைப் பொறுத்த மட்டில் அவர் செய்தது ஒரு குறிப்பிட்ட வகையைத் தேர்ந்து திருத்தியதுதான். ஆகவே அந்தச் சேர்க்கையில் அவருடைய உரிமை அந்த வகை இன்ஜினோடு நின்றுவிடும். ஓட்டோ இன்ஜின் அதற்குச் சமானம் அல்ல. இயங்கும் விதமே வேறு.

தீர்ப்பின் முடிவில் நாய்ஸ் மூடி மறைக்காமல் எழுதுகிறார். ஓட்டோ இன்ஜினின் மேன்மையைக் கண்டு அதைச் செல்டன் எடுத்திருந்தால் அவருடைய காப்புரிமை இன்றைய காரை மூடியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை, தவறாகத் தேர்ந்தெடுத்தார். சொற்களை வளைத்து அவருக்காக நாங்கள் மறுபடி தேர்ந்தெடுக்க முடியாது. பிரதிவாதிகள் சட்டப்படியும் அவருக்குக் கடன்படவில்லை, தார்மிகமாகவும் கடன்படவில்லை.

அப்படியானால் செல்டன் செய்த தப்பு தவறான இன்ஜினைத் தேர்ந்ததுதானா?

நீதிமன்றம் அப்படிச் சொன்னது. நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். 1879-ல் நின்று பார்த்தால் அது தவறான தேர்வே இல்லை. ஓட்டோ இன்ஜின் அப்போது தொழிற்சாலை மூலையில் விளக்கு வாயுவில் மெதுவாக ஓடும் ஒரு கனத்த சாமான். திரவ எரிபொருளில் ஓடியது பிரேட்டன்தான். வண்டியில் வைக்க எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? நானும் பிரேட்டனைத்தான் எடுத்திருப்பேன்.

அந்தத் தேர்வைத் தவறாக்கியது அடுத்த பதினாறு வருடம். டெய்ம்லரும் பென்ஸும் ஓட்டோ வழியை இளைக்க வைத்து வண்டிக்குக் கொண்டுவந்தது அந்த இடைவெளியில்தான். செல்டன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கை கட்டப்பட்டிருந்தது. உரிமைக் கோரலின் வாசகத்தைத் திருத்தலாம், திருத்தவும் செய்தார். விண்ணப்பித்த நாளில் விவரிக்காத புதுச் சரக்கை விவரணைக்குள் நுழைக்க முடியாது. நுழைத்தால் 1879 என்ற தேதி போய்விடும். அந்தத் தேதிதான் அவருடைய ஒரே பலம்.

ஆக, காப்புரிமைக்கு விலை ஏறியது தாமதத்தால். உள்ளே இருந்த இன்ஜின் கிழடானதும் அதே தாமதத்தால்.

உச்ச நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை?

காப்புரிமைக்கு மீதமிருந்த ஆயுள் இரண்டு வருடத்துக்கும் குறைவு. வழக்கு நடக்கும் வேகத்துக்குத் தீர்ப்பு வருமுன் காப்புரிமை போய்விடும். சங்கம் கடையைக் கட்டியது. தீர்ப்பு வந்த சில நாட்களில் நியூயார்க்கில் நடந்த சங்க விருந்துக்கு ஃபோர்டையே அழைத்தார்கள், அவரும் போனார்.

செல்டனுக்கு எவ்வளவு கிடைத்தது?

அவர் பங்காக வந்தது சுமார் 2 லட்சம் டாலர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்துக்கு நல்ல தொகை. ராச்செஸ்டரில் தன் பெயரிலேயே ஒரு கார்க் கம்பெனியும் நடத்தினார், பின்னர் அது லாரிகளுக்கு மாறியது. அவர் இறந்தது 1922 ஜனவரியில். செல்டன் கார்களிலும் ஓடியது ஓட்டோ வகை இன்ஜின்தான்!

இந்த வழக்கால் சட்டத்தில் ஏதாவது மாறியதா?

சாட்சியம் எடுக்கும் முறை மாறியது. உச்ச நீதிமன்றம் 1912-ல் வெளியிட்ட புதிய விதிகள், இத்தகைய வழக்குகளில் சாட்சிகளைத் திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் விசாரிப்பதைப் பொது வழக்கமாக்கின. ஹஃப் கண்டித்தது அதில் பேசப்பட்ட உதாரணம்.

தொழிலும் பாடம் கற்றது. 1915-ல் கார் உற்பத்தியாளர்கள் காப்புரிமைகளைத் தங்களுக்குள் கட்டணமின்றிப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் போட்டார்கள்.

விண்ணப்பத்தை ஊறப்போட்டு ஆயுளை நீட்டும் வழி மட்டும் உடனே அடைபடவில்லை. பதில் சொல்லும் அவகாசம் 1897-லேயே ஒரு வருடமாகக் குறைந்தது, பின்னர் ஆறு மாதமானது. ஆனாலும் 17 வருடக் கணக்கு வழங்கிய நாளிலிருந்துதான். 1995 ஜூன் 8 முதல்தான் புது விண்ணப்பங்களுக்கு அதை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் என்று மாற்றினார்கள். செல்டன் இன்று அதையே செய்தால், காப்புரிமை கையில் வரும்போது நான்கு வருடம்தான் மிச்சமிருக்கும்.

ரைட் சகோதரர்கள் வழக்கும் இதே காலம்தானே? அவர்கள் எப்படி ஜெயித்தார்கள்?

அதே நீதிமன்றம்கூட. விமானத்தைப் பக்கவாட்டில் சாயாமல் வைத்துக்கொள்ளும் முறைக்கு ரைட் சகோதரர்கள் 1906-ல் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அவர்கள் இறக்கையையே முறுக்கினார்கள். கிளென் கர்டிஸ் முறுக்காமல், தனியாக அசையும் சிறு பலகைகளை வைத்தார். செல்டன் தீர்ப்பைப் படித்தவர்கள் "வகை வேறு, ஆகவே மீறல் இல்லை" என்று எதிர்பார்த்திருக்கலாம். 1914 ஜனவரியில் அதே இரண்டாம் வட்ட நீதிமன்றம் கர்டிஸ் மீறினார் என்று உறுதிசெய்தது. ரைட் சகோதரர்களை முன்னோடிகள் என்று ஏற்றுக்கொண்டு, அவர்கள் காப்புரிமைக்கு விரிவாகப் பொருள் கொண்டார்கள்.

ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. ரைட் சகோதரர்கள் காப்புரிமை கேட்ட அதே 1903-ல் பறந்தும் காட்டியிருந்தார்கள்.